மேகமலைக்குப் பக்கத்தில் ஒரு மூக்கு

கம்பம் மெயின் ரோட்டில் ஃப்ளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கும் சுரேஷ்கண்ணன் என் தங்கை அனுசுயாவின் வீட்டுக்காரன். நானும் அவனும் ஒரே வகுப்பு. ஆகவே மாப்பிள்ளை மரியாதையை அவன் என்னிடம் எதிர்பார்ப்பதில்லை, நான் கொடுப்பதும் இல்லை. காதுகுத்து, சடங்கு, கும்பாபிஷேகம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் இந்தப் பக்கத்து முகங்கள் அவன் கைக்குப் போய்த்தான் பேனருக்கு வரும். அந்தக் கைக்கு ஒரு வியாதி. எந்த முகம் வந்தாலும் வெள்ளையாக்கிவிடும். கேட்டாலும் ஆக்கும், கேட்காவிட்டாலும் ஆக்கும். செத்தவர்களைக்கூட விட்டுவைத்ததில்லை.

என் அப்பா கர்ணன் கோம்பையில் திராட்சைத் தோட்டக்காரர். மருமகன் மேல் அவருக்குக் கோபமெல்லாம் கிடையாது. மருமகனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால் மட்டும், "கம்பத்துல இருக்காப்ல" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். அது விலாசம், வேலை இல்லை. மாமனார் வாயால் தன் வேலையை ஒரு தடவையாவது பெருமையாகச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது சுரேஷ்கண்ணனின் தீராத ஆசை. என்னிடம் புலம்புவான். நான் சிரிப்பேன். மச்சான் என்றால் அதற்குத்தானே.

போன வருஷம் அவனுக்கு ஒரு வாய்ப்பு வந்தது. கொச்சியில் ஜீப் பந்தய விளையாட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனிக்குக் கம்பம் பள்ளத்தாக்கின் உயரப்படம் வேண்டுமாம். அதில் பச்சை, நீலம் எதுவும் கிடையாது. வெறும் சாம்பல் நிறம்தான். வெள்ளையாக இருக்கும் இடம் மலையாக எழும்பும், கறுப்பு பள்ளமாக இறங்கும், ரொம்பக் கறுப்பாக இருந்தால் தண்ணீர் நிற்கும். போட்டோஷாப்பில் தீட்டி அனுப்பினால் மிச்சத்தை அவர்களுடைய கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும்.

"மாமாகிட்ட இதச் சொன்னா அசந்துருவாகல்ல?" என்றான் சுரேஷ்கண்ணன்.

மனிதன் உயிரைக் கொடுத்து உழைத்தான். பைக்கை எடுத்துக்கொண்டு சுருளிப் பக்கம் போய் மலையை வெறித்துப் பார்ப்பான், வந்து கொஞ்சம் வெள்ளை அடிப்பான். முதலில் அனுப்பியதில் மலையெல்லாம் படிக்கட்டு படிக்கட்டாக எழும்பியது. சாம்பல் வகைகள் குறைவாக உள்ள எட்டு பிட்டில் சேமித்துவிட்டானாம், பதினாறில் சேமித்திருக்க வேண்டுமாம். சாம்பலுக்குள் இத்தனை சாம்பல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. பேனர் மருமகன் கடையில்தான். ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் மாமனார், இரண்டு ஃபைலையும் ஒன்றாகத் திறந்து வைத்து வேலை பார்த்திருக்கிறான். நன்றாக வெள்ளையாக்கிய அப்பாவின் முகத்தை வெட்டி எடுத்து ஒட்டினான். அது பேனரில் விழாமல் பள்ளத்தாக்கில் விழுந்துவிட்டது. பேனரில் முகம் வரவில்லையே என்று அங்கே மறுபடி ஒட்டினான். சாம்பல் ஃபைலுக்குள் போன முகம் நிறமிழந்து, மேலே இருந்த மேகப் புகை மாதிரியான லேயருக்கு அடியில் மங்கலாகப் படுத்துக்கொண்டது. பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவன் அதைக் கவனிக்காமல் கொச்சிக்கு அனுப்பிவிட்டான்.

மறுநாள் பேனரில் தன் முகம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க அப்பா கடைக்கு வந்தார். நான்தான் கூட்டிப்போனேன். அந்த நேரம் பார்த்துக் கொச்சியிலிருந்து ஜிதின் என்கிற பையன் ஒரு வீடியோ அனுப்பிவிட்டு போனும் போட்டான்.

"சேட்டா, எந்தா இது? ஜீப் ஒரு மீசைக்குள்ள விழுந்து போயி!"

சுரேஷ்கண்ணன் வீடியோவைப் பெரிய திரையில் ஓடவிட்டான். பள்ளத்தாக்கின் நடுவில் அப்பா மல்லாந்து படுத்திருந்தார். கன்னம் இரண்டும் மேட்டுநிலம். சாயம் பூசிய மீசை, அடி தெரியாத கிடங்கு. கண் இருந்த இடத்தில் இரண்டு ஏரி. நெற்றி விபூதி மூன்று நீளச் சுவராக நின்றது. மேகமலைக்குப் பக்கத்தில், அதைவிட உயரமாக, மூக்கு.

நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். சுரேஷ்கண்ணனின் முகம், அவன் எந்தச் சாஃப்ட்வேரிலும் கொண்டுவர முடியாத அளவுக்கு வெளிறிப்போனது. ஆசையெல்லாம் மீசைக் கிடங்கில் விழுந்தது என்றுதான் அவன் நினைத்திருப்பான். எனக்கே பாவமாக இருந்தது.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். திரையில் ஜீப் கன்னத்தில் ஓடி, மூக்கில் பாதி ஏறி, உருண்டு கீழே வந்தது.

"இன்னொருக்கா ஏறச் சொல்லுங்க மாப்ள."

மறுபடி ஓடவிட்டான். மறுபடி உருண்டது.

"ஏற முடியல பாத்தியா!" அப்பா என் பக்கம் திரும்பித் தொடையில் தட்டிக்கொண்டார். "ஜீப்பே ஏற முடியலடா!"

அப்பாவின் முகத்தை எடுத்துவிட்டு சுரேஷ்கண்ணன் சரியான படத்தை அனுப்பினான். கம்பெனிக்கு ரொம்பத் திருப்தி. நிஜமாகவே அருமையான வேலை. அடிவாரத்துத் தோப்புகளின் லேசான சரிவுகூட அதில் இருந்தது. அதன் வீடியோவை ஆசையாக அப்பாவிடம் காட்டினான்.

"நம்ம ஊரு மாதிரியே இருக்கு" என்றார் அப்பா. "இதுக்கு எதுக்கு மாப்ள கம்ப்யூட்டரு? சன்னலத் தொறந்தா இங்கனயே தெரியுதே. அந்த மூக்கு இருந்துச்சே, அதை என் போன்ல போட்டு விடுங்க."

அறுபதாம் கல்யாணத்தன்று உத்தமபாளையம் மண்டபத்தில், மாலையும் கழுத்துமாக அப்பா உட்கார்ந்திருந்தார். அவருடைய பழைய சிநேகிதர் ஒச்சாண்டி வந்து கையைப் பிடித்துக்கொண்டு, "மருமகன் என்ன வேலை பாக்குறாப்ல?" என்று கேட்டார்.

பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நின்ற சுரேஷ்கண்ணன் காதைத் தீட்டிக்கொண்டான்.

"மலை செய்யிறாப்ல" என்றார் அப்பா.

"மலையா?"

"பின்ன? சாதா மலை இல்ல. ஜீப்பு ஏறாத மலை." போனை எடுத்து வீடியோவைப் போட்டார். "இந்த வட்டாரத்துல வேற எவன் செய்யிறான், சொல்லு பாப்போம்."

"மாமா, அது வந்து, தப்பா..." என்று ஆரம்பித்தான் அந்த யோக்கியன். என் தங்கை அவன் இடுப்பில் நறுக்கென்று ஒரு கிள்ளு வைத்தாள். வாயை மூடிக்கொண்டான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. கிள்ளியதால் என்று ஒச்சாண்டி நினைத்திருப்பார்.

"சரி, மகன் என்ன பண்றான்?" என்று என்னைக் காட்டிக் கேட்டார் அவர்.

நான் பேங்கில் மேனேஜர். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

"அவன் தேனியில இருக்கான்" என்றார் அப்பா. "உங்க பக்கம் மழை உண்டா?"