பா கும்பிட்ட பூப்பல்லக்கு

தாய்லாந்தில் நான் குடியிருக்கும் தெருவில் ஒருத்தரும் சத்தம் போட்டுப் பேச மாட்டார்கள். நாய்கூட யோசித்துத்தான் குரைக்கும். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன் சத்தத்தில் வளர்ந்த எனக்கு வந்த புதிதில் பைத்தியம் பிடிக்காத குறை. "சாவு வூடே இத்தவிட கலகலப்பா இருக்கும்ணா" என்று அண்ணனிடம் போனில் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அந்த வாயைப் பினாயில் ஊற்றித்தான் கழுவ வேண்டும்.

காருக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. தனிக்கட்டை. பக்கத்து வீட்டு அம்மாளைத் தெருவே 'பா' என்றுதான் கூப்பிடும். அவர்கள் பாஷையில் பெரியம்மா என்று அர்த்தமாம். நானும் அப்படியே கூப்பிட்டேன். அந்தப் பாஷை எனக்குக் கடை கண்ணிக்குப் போய்வரும் அளவுக்குத்தான். சோறு, தண்ணீர், காரம் போதும், வாடகை நாளைக்கு. அதற்கு மேல் என்றால் சிரித்துச் சமாளிப்பேன்.

ஞாயிறு சாயங்காலம் தவறாமல் விம்கோ நகரிலிருந்து அம்மா வீடியோ காலில் வருவாள். கடல் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று தொண்டை கிழியக் கத்துவாள். முதல் தடவை அந்தச் சத்தத்தைக் கேட்டு, எனக்குத்தான் என்னமோ ஆகிவிட்டதென்று பா பதறிக்கொண்டு ஓடிவந்தாள். போனுக்குள் அம்மாவைப் பார்த்ததும் கைகூப்பினாள்.

"யார்ரா இந்தம்மா? மூஞ்சி நல்லா லட்சணமா கீது. இன்னாம்மா, துன்னியா?" என்றாள் அம்மா.

பாவுக்கு என்ன புரிந்ததோ, தலையை ஆட்டிச் சிரித்தாள். அதிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தட்டு மாங்காயோடு வந்துவிடுவாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு, போனுக்கு முன்னால் உட்கார்ந்து "மே?" என்பாள். அம்மா எங்கே என்று அர்த்தம். இரண்டு பேரும் அவரவர் பாஷையில் நிம்மதியாகப் பேசிக்கொள்வார்கள், எனக்கு அங்கே வேலையே இருக்காது. ஒரு தடவை அம்மா ஒற்றியூர்க் கோயில் தேரைப் போனில் காட்டினாள். பா அப்படியே தரையில் மண்டியிட்டுக் கும்பிட்டாள். "நம்ம சாமிய கும்புடுது பார்ரா" என்று அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

பேச்சை முடிக்கும்போது மட்டும் அம்மா குரலை இறக்குவாள். "நைனா, அங்கியே குந்திக்கினு இராத. எனக்கு கொள்ளி வெக்க வேண்டியவன் நீ." எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி கடைசிப் பிள்ளைதான் வைக்க வேண்டும். "சும்மா இரும்மா, இப்பவே இன்னா அவசரம்" என்பேன்.

சித்திரை பிறப்பதற்கு முதல் நாள் அண்ணன் கூப்பிட்டான். "டேய், அம்மா பூட்ச்சிடா." டீ குடித்துவிட்டுப் படுத்தவள் எழுந்திருக்கவில்லையாம்.

பாஸ்போர்ட் என் கையில் இல்லை. விசா புதுப்பிக்க கம்பெனி ஏஜென்ட் பாங்காக்குக்கு வாங்கிப் போயிருந்தான். இங்கேயும் சித்திரையில்தான் வருஷப் பிறப்பு. ஊரே கடையைச் சாத்திவிட்டு ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடும். ஏஜென்ட் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது, அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். சொந்த ஊருக்குப் போயிருந்த மேனேஜர் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். மன்னிப்பை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியுமா? எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

"ஐஸ் பொட்டில வெச்சிகீறோம். கரண்டு வேற போயிப் போயி வருது. பெருசுங்க எல்லாம் கத்திகினு கீதுங்க. வந்துருவியா, மாட்டியா?" என்றான் அண்ணன்.

"நீயே வெச்சிருண்ணா" என்றேன். அவன் அழுதான்.

மறுநாள் சாயங்காலம் அம்மாவை எடுத்தார்கள். அண்ணி கூடவே நடந்தபடி போனில் காட்டினாள். சாவு மேளம், விசில், பட்டாசு என்று எங்கள் தெருவின் அத்தனை சத்தமும் போன் வழியாக என் வீட்டுக்குள் வந்து கொட்டியது. அண்ணன் தலையில் ஊற்றிய தண்ணீர் சொட்டச் சொட்ட, ஈர வேட்டியோடு, கொள்ளிச்சட்டியை ஏந்திக்கொண்டு முன்னால் போனான். என் இடத்தில் அவன் நடந்தான்.

அப்போதுதான் பா வந்தாள். கையில் மல்லிகை மிதக்கும் கிண்ணம். எங்களுக்கும் அன்றைக்குத்தான் வருஷப் பிறப்பு என்று போன வருஷம் நான் சொன்னதை மறக்காமல் வைத்திருந்தாள். மேளச் சத்தத்தைக் கேட்டு எங்கள் ஊரும் கொண்டாடுகிறதென்று நினைத்துவிட்டாள், பாவம். சிரித்துக்கொண்டே என் தோளில் தண்ணீரை ஊற்றினாள். அவர்கள் பண்டிகை வழக்கப்படி என் கன்னத்தில் குழைத்த வெள்ளை மாவைப் பூசினாள். அங்கே அண்ணன் நனைந்திருந்தான், இங்கே நான்.

நான் என்னவென்று சொல்வேன்? 'மே' தெரியும். செத்துப்போனாள் என்பதற்கு அவர்கள் பாஷையில் சொல் தெரியாது. கடை கண்ணியில் அது தேவைப்பட்டதே இல்லை. போனில் மொழிபெயர்த்துக் காட்டலாமே என்பீர்கள். அந்தப் போனில்தான் ஐயா என் அம்மா போய்க்கொண்டிருந்தாள்.

"மே?" என்று பா எட்டிப் பார்த்தாள். சாமந்தியும் ரோஜாவுமாகப் பூப்பல்லக்கு ஆடி ஆடிப் போனது. உள்ளே இருந்தவள் முகம் தெரியவில்லை. பா தேர் என்றே நினைத்துவிட்டாள். ஈரத் தரையில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். நானும் அவள் பக்கத்தில் விழுந்து கும்பிட்டேன். வேறு என்ன செய்ய முடியும் என்னால்? தெருமுனை வந்ததும் அண்ணி நின்றுவிட்டாள். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. பல்லக்கு திரும்பி மறைந்தது. பா என் கன்னத்தைத் தட்டிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

விடுமுறை முடிந்து பாஸ்போர்ட் வந்து சேர்ந்தது. கருமாதிக்குப் போக டிக்கெட் எடுத்தேன். கிளம்புவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

சாயங்காலம் பா மாங்காய்த் தட்டோடு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். முடியைச் சரிசெய்துகொண்டாள். "மே?" என்றாள்.

போனைக் கையில் எடுத்தேன். யாருக்கு அடிப்பது? அம்மா என்று கத்தினேன் பாருங்கள், தொண்டை கிழிய, கடல் தாண்டிக் கேட்க வேண்டும் என்பதுபோல. பா தட்டைக் கீழே வைத்துவிட்டு என் தலையை மடியில் சாய்த்துக்கொண்டாள். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. அடுத்த வீட்டுக் கதவும் திறந்தது. சத்தம் போடாதே என்று யாரும் சொல்லவில்லை.