எஸ்தர் டீச்சரும் காதறுந்த குரங்கும்

எஸ்தர் டீச்சர் இறந்த செய்தியைச் செண்பகத்தோப்பு வனக்காவலர் போனில் சொன்னபோது நான் சேத்தூர் பஸ்ஸில் இருந்தேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன்.

குரங்குகளைப் பற்றி அவர்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். தவறு. ராஜபாளையம் மில்லில் ஃபிட்டராக இருந்த காலத்திலேயே, விடுமுறை நாள்களில் செண்பகத்தோப்புக்குப் போய், எந்தக் குரங்கு எதற்குப் பேன் பார்க்கிறது, எது எதனருகே உட்காருகிறது என்று நோட்டில் கோடு போட்டு இணைத்து வைத்தவன் நான். விலங்கியல் பேராசிரியையான அவர் பிறகுதான் வந்தார். வந்து என்னோடு சண்டை போட்டார்.

மாந்தோப்புக்காரர்கள் குரங்குத் தொல்லை என்று மனுக் கொடுத்த ஆண்டு, ரேஞ்சர் சில குரங்குகளைப் பிடித்து வேறு மலையில் விட நினைத்தார். எதைப் பிடித்தால் கூட்டம் கலையாது என்று என்னைக் கேட்டார்.

"காதறுந்தாளப் பிடிங்க, சார். அதுக்கு ஒட்டுமில்ல, உறவுமில்ல" என்று நோட்டைக் காட்டினேன். காது கிழிந்த அந்தப் பெண்குரங்கு எப்போதும் ஒதுங்கியே இருக்கும்.

உடனிருந்த டீச்சர் நோட்டைப் புரட்டினார்.

"அண்ணாச்சி, அம்புட்டும் மத்தியானம் செக்போஸ்ட்கிட்ட உக்காந்து எழுதுனதுல்லா? வாரவுக போறவுக முறுக்கு எறியுற இடத்துல எந்தக் குரங்கு உறவு பாக்கும்?"

"மூணு வருஷ நோட்டு, டீச்சர்."

"மூணு வருஷமா ஒரே மத்தியானத்தப் பாத்திருக்கீக."

இரண்டு நாள் கோபத்தில் காட்டுப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் விடியும்போது ஓடைக்கரை மருதமரத்தடியில் அவரோடு நின்றேன். குளிருக்கு ஒடுங்கிக் கிளையில் ஒட்டிக் கிடந்தது கூட்டம். நடுவில் காதறுந்தாள். மத்தியானம் ஒன்றையொன்று கடிக்கப் பாயும் இரண்டு குடும்பங்கள் அவளுக்கு இருபுறமும் தூங்கின. தொடர்ந்து பத்து விடியல்கள் பார்த்தேன், அப்படியேதான். ரேஞ்சரிடம் நானே போய், "என் நோட்டு பத்தாது, சார்" என்றேன். கூண்டு வரவில்லை.

அதற்காக டீச்சர் செய்ததெல்லாம் சரியென்று ஆகாது. ஒரு வருஷக் குறிப்புகளை மொத்தமாகச் சேர்த்து அவர் வரைந்த படத்தில் எல்லாக் குரங்குக்கும் எல்லாவற்றோடும் கோடு இருந்தது. ஆடியில் சண்டையிட்டுப் பிரிந்த இரண்டு ஆண்குரங்குகளுக்கு நடுவே தடித்த கோடு!

"வருஷம் பூராவும் சேத்துப் பாத்தா ராஜபாளையத்துல அம்புட்டுப் பேரும் சம்பந்திதான், டீச்சர்."

சிரித்தார். மாதம் மாதமாகப் பிரித்து மறுபடி வரைந்தார். கருத்தரங்கு மலரில் என்னை 'உள்ளூர் உதவியாளர்' என்று அச்சிட்டிருந்தபோது, மேடையிலேயே அதைத் திருத்திச் சொன்னவரும் அவர் ஒருவர்தான்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், டீச்சர் கடைசிவரை தனியாகவே வாழ்ந்தார் என்றார்.

"எத்தன மணிக்குப் போய்ப் பாத்தீக?" என்று எழுந்து கேட்டேன். உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. தினமும் காலை ஆறரைக்கு அவர் சமையலறையில் டீ குடித்துச் சண்டை போட்ட ஐந்து பேர் அந்தக் கூட்டத்திலேதான் இருந்தோம்.

இப்போதும் காட்டுக்குப் போகிறேன். எந்தக் குரங்கையும் தனி என்று எழுதுமுன், எங்கே நின்று, எந்த நேரத்தில், எத்தனை நாள் பார்த்தேன் என்று பக்கத்தின் தலையில் குறித்துவிடுகிறேன். இது ஒன்றை மட்டும், டீச்சர் சொன்னார் என்பதற்காகவே செய்கிறேன்.