அதிபர் போட்டிருந்த சட்டை

உலக அரசியலைப் பற்றி என் அக்கா புருஷன் இதுவரை கேட்டிருக்கும் ஒரே கேள்வி, "மீசை உண்டா, இல்லையா?" என்பதுதான்.

அத்தானுக்குத் தொழில் மெத்தை தைப்பது. கடைத்தெருவில் கீழே கடை, மேலே வீடு. மேல்வீட்டின் பின்னறையில் நான் இருக்கிறேன். கல்யாணம் ஆகாத மச்சான், தண்டச்சோறு. இந்தப் பட்டம் அக்கா கொடுத்தது. அத்தான் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. வாய் திறந்தால்தானே சொல்வதற்கு! மனுஷன் நாள் முழுக்க நீள ஊசியை வாயில் கவ்விக்கொண்டே இருப்பார்.

மெத்தை போக அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. கட்சிக்காரர்களுக்கு உருவபொம்மை செய்து கொடுப்பார். யார் யாரைக் கொளுத்துவதாக இருந்தாலும் அவரிடம்தான் வந்தாக வேண்டும். மற்றவர்கள் வைக்கோல் திணித்துக் கட்டும் பொம்மை, ஊர்வலம் முக்கு திரும்புவதற்குள் இடுப்பு ஒடிந்து எல்லாரையும் கும்பிட ஆரம்பித்துவிடும். கும்பிடுகிறவனைக் கொளுத்த யாருக்கு மனசு வரும்? அத்தானின் பொம்மை கடைசி வரை விறைப்பாக நிற்கும். முகம் மட்டும் உள்ளூர் மந்திரிக்கும் வெளிநாட்டு அதிபருக்கும் ஒன்றுதான், பழைய தலையணை. மீசை உண்டா என்று கேட்டுக்கொள்வார். உண்டு என்றால் கரியால் ஒரு கோடு. உடுப்பு மட்டும் கட்சிக்காரர்களே கொண்டுவர வேண்டும்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே பிள்ளை. பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்த பிள்ளை என்பதால் படுத்த இடத்தில் தூங்கிவிடுவான். வீட்டில், தெருவில், பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் அவன் தூங்குமூஞ்சிதான். எதிர்ச்சாரியில் பழைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்த அன்று தெருவே அலறியடித்துக்கொண்டு ஓடியது. அவன் புரண்டு படுத்தான், அவ்வளவுதான். அப்படிப்பட்டவனை ராணுவத்தில் எடுத்துக்கொண்டார்கள். நல்லவேளை, துப்பாக்கியைக் கொடுக்காமல் கரண்டியைக் கொடுத்து சமையல்கட்டில் விட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் எங்கோ ஒரு கோடியில் இரண்டு நாடுகள் அடித்துக்கொண்டன. அந்த நாடுகளின் பெயரை ஒழுங்காக உச்சரிக்கத் தெரிந்தவர் எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை. ஆனால் நியாயம் யார் பக்கம் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்து மருந்துக்கடைக்காரர் தினமும் கடைக்கு வந்து, தைத்துக்கொண்டிருக்கும் மெத்தையின் மேலேயே போரை விளக்குவார். இந்த மூலை ஒரு நாடு, அந்த மூலை இன்னொரு நாடு, நடுவில் இருக்கும் சுருக்கம் கடல். அங்கங்கே பஞ்சைக் கிள்ளி வைத்துப் படைகளை நகர்த்துவார்.

"அண்ணே, கொஞ்சம் கையை எடுங்க. தலைநகர்ல தையல் போடணும்" என்பார் அத்தான்.

போரால் எங்களுக்கு வந்த முதல் இடி, பஞ்சு. கப்பல் வரும் வழியை எவனோ அடைத்துவிட்டான். கடையில் ஒரே ஒரு மூட்டை மிச்சம். இரண்டாவது இடி தொலைக்காட்சியில் வந்தது. அமைதியை நிலைநாட்ட நம் நாடும் படை அனுப்பப் போகிறதாம்.

"சண்டையை விலக்கிவிடப் போறவனுக்குத் துப்பாக்கி எதுக்கு?" என்று அக்கா கேட்டாள்.

"அதெல்லாம் வெளியுறவுக் கொள்கைம்மா, உங்களுக்குப் புரியாது" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"உங்களுக்குப் புரியுதா?"

அவர் கடையில் ஆள் இல்லை என்று எழுந்து போனார்.

மறுநாள் தூங்குமூஞ்சி போன் செய்தான். "அம்மா, எங்க பிரிவும் போகுது. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் லீவு குடுத்திருக்காங்க. வர்றேன்."

"நீ எதுக்குடா? நீ சமையல்காரன்தானே?"

"சண்டை போடறவங்களும் சாப்பிடணும்லம்மா."

போனை வைத்துவிட்டு அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். வேறு யாராக இருந்தாலும் குண்டு விழுமே, அடிபடுமே என்று அழுவார்கள். அக்காவின் கவலையே வேறு. "டேய், குண்டு போட்டா எல்லாரும் எந்திரிச்சு ஓடுவாங்க. இவன் புரண்டு படுப்பானேடா! இவனை யாருடா எழுப்புவாங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் எனக்கும் பயம் வந்துவிட்டது. அவள் சொன்னது உண்மை.

பிள்ளை வருகிறான் என்று அக்கா அவனுடைய நீலக் கட்டம் போட்ட சட்டையை எடுத்தாள். காலர் நைந்திருந்தது. அதைப் பிரித்து, திருப்பி, நைந்த பக்கம் அடியில் போகும்படி தைத்தாள். தைத்ததைக் கீழே கடையிலிருந்த தையல் மெஷின் மேலேயே வைத்துவிட்டுச் சாமான் வாங்கப் போனாள்.

அன்றைக்கென்று பார்த்து ஆளுங்கட்சியின் வட்டச் செயலாளர் வந்து நின்றார். படை அனுப்புவதை ஆதரித்து ஊர்வலம் போகிறார்களாம். எதிரி நாட்டு அதிபரைக் கொளுத்த வேண்டுமாம்.

"மீசை?" என்றார் அத்தான்.

"உண்டு. ஆனா ஆள் கொழுகொழுன்னு இருக்கணும். டிவிக்காரங்க வர்றாங்க. வைக்கோல், கந்தல்னு எதையாவது அடைச்சு என் மானத்தை வாங்கிடாதீங்க. புதுப் பஞ்சு போடுங்க."

மிச்சமிருந்த ஒரே மூட்டையை அதிபர் முழுங்கினார். கோட்டும் கால்சட்டையும் கொண்டுவந்த செயலாளர் சட்டையை மறந்துவிட்டார். கோட்டோ இந்த உடம்புக்கு ஏறவில்லை. ஊர்வலக்காரர்கள் வெளியே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். அத்தான் கையை நீட்டி மெஷின் மேலிருந்ததை எடுத்தார். முப்பது வருஷமாக உறை தைத்தவருக்குத் துணி என்றால் உறைதான். காலருக்கு அடியில் பார்த்தார், நைந்திருந்தது. கந்தல் என்று முடிவு கட்டி அதிபருக்கு மாட்டிவிட்டார்.

நான் ஊர் சுற்றிவிட்டு வரும்போது முக்கில் ஊர்வலம் நின்றிருந்தது. எதிரி நாட்டு அதிபரைத் தரையில் கிடத்திச் செருப்பால் சாத்திக்கொண்டிருந்தார்கள். செயலாளர் தீப்பந்தத்தை எடுத்து, கேமரா எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து, முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு பொம்மையின் வலது கையில் பற்றவைத்தார்.

"நிறுத்துங்கடா! அது என் புள்ளடா!"

அக்காதான். சாமான் பையை என் மேல் எறிந்துவிட்டுக் கூட்டத்துக்குள் பாய்ந்தாள். அதிபரை வாரி எடுத்தாள். எரிகிற கையைத் தன் முந்தானையால் அமுக்கினாள். செருப்போடு நின்றவன் ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தலையைச் சொறிந்தான். அவள் பொம்மையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொடுத்தபடி நடந்தபோது கூட்டம் தானாக வழிவிட்டது.

மைக்கோடு ஒருவன் பின்னாலேயே ஓடினான். "அம்மா, எதிரி நாட்டு அதிபரை ஏன் காப்பாத்துனீங்க?"

"எனக்கு அவனையும் தெரியாது, அவன் அப்பனையும் தெரியாது. இந்தக் காலரைக் காலையிலதான்டா திருப்பித் தைச்சேன்!"

சாயங்காலம் அதைத்தான் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். நான்கு பேர் உட்கார்ந்து விவாதித்தார்கள். அக்காவுக்கு எதிரி நாட்டோடு தொடர்பு இருக்கிறது என்றார் ஒருவர். காலரைத் திருப்புவது என்பது கொள்கையைத் திருப்பச் சொல்லும் குறியீடு என்றார் ஒரு பேராசிரியர். அத்தான் மட்டும் மூலையில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "கந்தல்னு நெனச்சுட்டேன்" என்று அதற்குப் பதில் சொல்வது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்கா அவரைத் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய தண்டனை. பொம்மையின் சட்டையையும் கழற்றவில்லை. மகனுடைய நாற்காலியில் உட்காரவைத்து, கருகிய கையை மடித்துவிட்டாள். அதை வெறும் பொம்மையாகப் பார்க்க என்னாலும் முடியவில்லை.

மறுநாள் காலையில் தூங்குமூஞ்சி வந்தான். வாசலிலேயே நின்றுவிட்டான்.

"மாமா, யாரு இது? என் சட்டையைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்கறது?"

"நீ போற நாட்டு அதிபர்டா. உனக்கு முன்னாடி அவர் வந்துட்டார்" என்றேன்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வந்த இரண்டு நாளும் சாப்பிட்டான், தூங்கினான், அதிபரின் மடியில் தலை வைத்துக்கூடத் தூங்கினான். கிளம்புகிற நாளுக்கு முந்தின மத்தியானம் அத்தான் அவன் எதிரில் வந்து நின்றார். ஏதோ கேட்க வேண்டும் என்று அவருக்கு இருந்தது. வாயிலிருந்து ஊசியை எடுத்தார்.

"அங்க படுக்க மெத்தை குடுப்பாங்களாடா?" என்றார்.

"தார்ப்பாய்தான்னு சொல்றாங்கப்பா."

அத்தான் கீழே இறங்கினார். கடையில் ஒரு பிடி பஞ்சு இல்லை. திரும்ப மேலே வந்தார். அதிபரைக் குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார். சட்டையை முதலில் கழற்றி அக்காவிடம் கொடுத்தார். பிறகு கத்தரியால் வயிற்றைத் திறந்தார்.

அத்தனை பஞ்சையும் உதறி, தட்டி, சுருட்டி முதுகில் கட்டிக்கொள்கிற மாதிரி ஒரு மெத்தை தைத்தார். அப்படி ஒரு தையலை நான் பார்த்ததில்லை. வலது கையிலிருந்த கருகிய பஞ்சைப் பொறுக்கித் தனியே குவித்தார். "இதை நான் பார்த்துக்கறேன்" என்று அக்கா அதை முறத்தில் அள்ளினாள். கொட்டத்தான் போகிறாள் என்று நினைத்தேன். கடைசிப் பக்கத் தையலையும் தானே போடுகிறேன் என்று ஊசியை வாங்கிக்கொண்டாள். தன் பிள்ளைக்கு ஒரு தையலாவது போட ஆசை என்று அத்தானும் விட்டுவிட்டார்.

தூங்குமூஞ்சி மெத்தையோடு போனான். வட்டச் செயலாளர் அவனுக்கு மாலை போட வந்து, மாலை போட்ட கையோடு மெத்தையை அமுக்கிப் பார்த்து, "நல்ல பஞ்சு" என்றார்.

அவன் போய்ப் பல நாள் போன் இல்லை. மருந்துக்கடைக்காரர்கூட மெத்தையில் போர் நடத்துவதை நிறுத்திவிட்டார். அத்தான் பொம்மை செய்வதை விட்டுவிட்டார். யாராவது வந்து கேட்டால் பஞ்சு இல்லை என்பார். பஞ்சு வந்த பிறகும் அதையேதான் சொன்னார். அக்கா நீலச் சட்டையின் வலது கைக்கு ஒட்டுப் போடுவதும், சரியில்லை என்று பிரிப்பதுமாக இருந்தாள்.

ஒரு மத்தியானம் போன் வந்தது. அத்தான்தான் எடுத்தார். எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அப்பா, நான்தான். நல்லா இருக்கேன். போன வாரம் ராத்திரி எங்க சமையல்கட்டு மேலயே குண்டு ஒண்ணு விழுந்துச்சு. யாருக்கும் ஒண்ணும் இல்ல, நான் வெளியே ஓடிட்டேன்."

"நீ ஓடினியா?" என்றேன் நான்.

"ஆமா மாமா. நான்தான் எல்லாரையும் எழுப்பினேன்."

அத்தான் போனை வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "மெத்தை எப்படிடா? நல்லாத் தூக்கம் வருதா?"

"மெத்தை சுகம்தாம்பா. ஆனா தலைமாட்டுல ஒரே கருகின வாசனை. என்னமோ எரியுதுன்னு அடிக்கடி முழிப்பு வந்துடுது."

அத்தான் போனைப் பிடித்தபடி குழம்பிப்போய், கருகியதையெல்லாம் நான் பொறுக்கி எடுத்துவிட்டேனே என்பது போல என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா ஒட்டுப் போட்ட சட்டையை முகத்தில் அழுத்திக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"முழிப்பு வரட்டும்" என்றாள். "அதுக்குத்தானே வெச்சுத் தைச்சேன்."