மேசை மேல் நீந்திய மீன்கள்

என் கணவருக்கு மறதி நோய். பொந்தியானில் லாரி ஓட்டியவர். ஓய்வு கிடைத்தால் தூண்டிலோடு கிளம்பிவிடுவார். இப்போது பெர்மாஸ் ஜெயா வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்தான்.

சிங்கப்பூரில் வேலை செய்யும் மகள் ஒரு விளையாட்டுக் கருவி அனுப்பினாள். அதைப் போட்டால் மேசை மீது தண்ணீரும் மீன்களுமாக ஒளி விழும். கை வைத்தால் மீன்கள் விலகி ஓடும். அவர் குழந்தை மாதிரி சிரித்தார். அவரை அதன் முன் உட்காரவைத்துவிட்டு நான் என் வேலையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஒருநாள் மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன், எழுந்திருக்கவே இல்லை. எரிச்சலில் சுவிட்சை அணைத்துவிட்டுச் சோறு போடப் போனேன். திரும்பி வந்தால் ஆளைக் காணோம். கேட் திறந்து கிடந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் கத்தினாள்: "அக்கா, அண்ணன் லோங்காங் ஓரத்துல நிக்கிறாரு லா! ஓடியாங்க!"

மழைநீர் கரைபுரண்டு ஓடிய அந்தப் பெரிய வடிகாலின் விளிம்பில், வாளியோடு குனிந்திருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு, விடு! தண்ணி வத்திப்போச்சு. மீனெல்லாம் செத்துடும்" என்று அழுதார்.

இப்போது கேட்டுக்குப் பூட்டு போட்டிருக்கிறேன். கருவியைச் சட்டென்று அணைப்பதுமில்லை. எதிரே உட்கார்ந்து நானும் மீன் பிடிக்கிறேன். "மீனெல்லாம் தூங்கட்டும்" என்று சொல்லி, இருவருமாக மேசை மேல் துணி விரித்த பிறகுதான் அணைக்கிறேன்.

நேற்று துணியை விரிக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா விளையாடுறீங்க. வீடு பக்கத்துலதானா? நாளைக்கும் வருவீங்களா?"

"பக்கத்துலதான். வர்றேன்" என்றேன்.