பிரின்ஸுக்கு விழுந்த இரண்டு அடி

நாயின் வாயை முந்தானையால் துடைத்துவிடுகிற ஒருவரை நான் வாழ்நாளில் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். ஹட்டன் கடைத்தெருவில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பேக்கரி வாசலில். அது அவருடைய நாயும் இல்லை. முன்பின் தெரியாத ஓர் அம்மாள் சங்கிலி போட்டுக் கூட்டி வந்த நாய். துடைப்பதற்கு முன்னால் அதன் காதைப் பிடித்து, பின்பக்கத்தில் இரண்டு போடு போட்டாயிற்று. துடைத்து முடித்ததும், "போ, இனிமே இப்படிச் செய்யாத" என்று சொல்லி அனுப்பியும் வைத்தாயிற்று. நாய் வாலை ஆட்டியது. சங்கிலியைப் பிடித்திருந்த அம்மாள்தான் ஆடிப்போய் நின்றார்.

அடித்தவர் என் பெரியம்மா. எனக்கு நாலு வயதில் அம்மா இறந்துபோனதால், என்னை வளர்த்தவரும் அவர்தான். சொந்தப் பிள்ளை இல்லை. நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவை, அதாவது குழந்தைகள் காப்பகத்தைப் பார்த்துக்கொண்டவர். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் பெரட்டுக்கு, பேர் கொடுக்க ஓடுகிற அவசரத்தில், பிள்ளையை அவர் கையில் திணித்துவிட்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டியபடியே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்கள்: "கண்ணு ரெண்டை விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்கக்கா." எங்கள் பக்கத்தில் ஒருத்தி இன்னொருத்தி மேல் வைக்கும் நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சொல் கிடையாது. பெரியம்மா அதைத் தோட்டத்து ஆபீசிலிருந்து முத்திரை குத்தி வந்த உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். ஆனால் யாரையும் உரித்ததில்லை. முதலில் காது, அடுத்து பின்பக்கம், கடைசியில் முந்தானையால் மூக்கையும் வாயையும் துடைத்துவிடுவது. இந்த வரிசை மாறாது. துடைத்துவிடாமல் அனுப்பினால் அடித்ததற்கே அர்த்தமில்லை என்பார்.

லயம் என்கிற தொழிலாளர் வரிசைவீடுகளின் நாய்களும் அதே காம்பரா வாசலில்தான் கிடந்தன. நாளடைவில் பெரியம்மாவின் கைக்கு வித்தியாசம் மறந்துபோனது. இடுப்புக்குக் கீழே உயரமுள்ள எதுவும் அவர் பொறுப்பு. கொட்டகலை ஸ்டேஷனில் ஒருமுறை, பிரயாணி ஒருவர் தோள்பையில் வைத்துக் கொண்டுபோன குட்டிநாய் விடாமல் குரைத்தது என்று, பையைத் திறந்து அதன் வாயை இரண்டு விரலால் பொத்தி, "ஷ்ஷ், ரயிலு வர்ற நேரம்" என்றார். அந்த மனிதர் பாவம், தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார். "அடுத்தவங்க நாய் பெரியம்மா" என்று நான் தலையில் அடித்துக்கொண்டால், அவருக்கு உண்மையாகவே புரியாது. "அடுத்தவங்கதுன்னு பாத்துக்கிட்டே நிக்கச் சொல்றியா? அவங்க என்ன நெனைப்பாங்க நம்மள?" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் ஏன் அவ்வளவு பயந்தேன் என்று புரிய, எங்கள் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹட்டனில் எனக்கு ஆசிரியை வேலை கிடைத்ததும், எட்டு மாதம் அலைந்து ஒரு வாடகை வீடு பிடித்தோம். வீட்டுக்காரர் ஒரு சிங்கள அம்மாள்; நோனா என்போம். டிக்கோயாவில் தனியாக இருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில். மூன்று நிபந்தனை போட்டார். சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, முன்வாசலில் எதையும் காயப்போடக்கூடாது, நான், கணவர், குழந்தை தவிர நாலாவது ஆள் தங்கக்கூடாது. முன்பு இருந்த குடும்பம் சொந்தக்காரர்களைச் சேர்த்துச் சேர்த்துப் பதினொரு பேராகிவிட்டதாம். அதில் நோனாவுக்குப் பட்ட சூடு ஆறவில்லை. மாதத்தின் முதல் ஞாயிறு பதினொரு மணிக்கு நேரில் வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சுவர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார்.

பெரியம்மா என் மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரத்துக்கு வந்தவர். நாலு மாதமாகியும் போகவில்லை. நானும் போகவிடவில்லை. அவர் வேலையிலிருந்து நின்றதும் லயத்து அறை வேறு குடும்பத்துக்குப் போய்விட்டது. நோனாவிடம் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு மாதமும் நினைப்பேன். சொன்னால் வீடு போய்விடும் என்ற பயத்தில் தள்ளிப்போடுவேன். முதல் மாதமே பெரியம்மாதான் வழி சொன்னார். முதல் ஞாயிறு காலையில் தலையணையையும் டிரங்குப் பெட்டியையும் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுக் கோயிலுக்குப் போய்விடுவார். ஒரு மணிக்குத் திரும்புவார். இப்படி நாலு மாதம் அருமையாக ஒளிந்தார். எவ்வளவு அருமையாக என்றால், யாரிடமிருந்து ஒளிகிறாரோ அந்த நோனாவின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

அன்றைக்கு நோனா நேராக வீட்டுக்கு வராமல் பேக்கரியில் நின்றார். கூடவே முதன்முறையாக நாய். கன்றுக்குட்டி அளவில் ஒரு மஞ்சள் நாய். பெயர் பிரின்ஸ். நோனா அதை 'புத்தா', மகனே என்றுதான் கூப்பிடுவார். பிரின்ஸ் போகிற வருகிறவர்கள் மார்பிலெல்லாம் முன்னங்காலை வைத்தது. நோனா ரசித்துச் சிரித்தார். அறநெறி வகுப்பு முடிந்து வெள்ளைச் சீருடையில் வந்த ஒரு சிறுமி, சீனி தூவிய கிம்புலா பனிஸை அப்போதுதான் கடித்தாள். பிரின்ஸ் ஒரே தாவில் அதைப் பிடுங்கிக்கொண்டது. சிறுமி வீறிட்டாள். பாண் வாங்க வந்திருந்த நான் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறேன். பூசை சீக்கிரம் முடிந்து, கோயில் பக்கமிருந்து, நெற்றியில் திருநீறோடு பெரியம்மா வருகிறார்.

பிறகு நடந்ததுதான் மேலே சொன்னது. காது, இரண்டு அடி, முந்தானை. பனிஸில் மிஞ்சிய துண்டை வாயிலிருந்து எடுத்து, அதையும் துடைத்து, அந்தச் சிறுமியிடமே நீட்டினார். அவள் இன்னும் பெரிதாக அழுதாள்.

நோனா நாயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அடுத்தவர் பிள்ளைமேல் கைவைக்க நீ யார் என்று சிங்களத்தில் வெடித்தார். கடைத்தெரு முழுக்கத் திரும்பியது. பெரியம்மா, பிள்ளையைப் பற்றி யார் பேசியது என்று சுற்றிலும் பார்த்தார். அப்போது நோனாவின் கண்ணில் நான் பட்டேன். "டீச்சர்! மே கவுத? தன்னவத?" யார் இவர், உனக்குத் தெரியுமா?

"தன்னே நே, நோனா" என்றேன். தெரியாது என்று.

அந்த அளவு சிங்களம் பெரியம்மாவுக்குத் தெரியும். என்னை ஒரு தடவை பார்த்தார். நோனா யாரென்று அந்த நொடியில் விளங்கியிருக்க வேண்டும். இருபத்தைந்து வருடமாக என்னை 'அடியே' என்று கூப்பிட்டவர், கையைக் குவித்துக்கொண்டு சொன்னார்: "தெரியாம கைய வச்சிட்டேங்க டீச்சர். அந்தம்மாகிட்ட நீங்க கொஞ்சம் எடுத்துச் சொல்லிருங்க." அதை நான் சிங்களத்தில் எடுத்துச் சொன்னேன். அதுவும் பிழையில்லாமல்.

நோனா வீட்டுக்கு வந்து, வழக்கம்போலச் சுவர் பார்த்து, திருப்தியாகப் போனார். பெரியம்மா இரண்டு மணிக்கு மேல் ரயில் பாதை ஓரமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். நான் தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் நின்றேன். அவர் சாதாரணமாகச் சாப்பிட்டார். "ஏன்டி மொகத்தைத் தூக்கி வச்சிருக்க? நல்லாத்தான சொன்ன. வீடு போயிருக்கும்" என்றார். பிறகு ரசத்தை ஊற்றிக்கொண்டே, "காம்பராவுல பாத்திருக்கேன். பகலு பூரா மடியிலயே கெடக்குங்க. சாயந்தரம் அம்மா கூடையோட வாசல்ல வந்து நின்னா, என்னைய யாருன்னே தெரியாத மாதிரி ஓடும். பிள்ளைங்கன்னா அப்பிடித்தான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு அடைமழை. கோயிலுக்குப் போக முடியாமல் பெரியம்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டார். நோனா கூடத்துச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தார். பிரின்ஸ் மூக்கைத் தூக்கி ஒருமுறை மோப்பம் பிடித்தது. அவ்வளவுதான், சங்கிலியை உருவிக்கொண்டு சமையலறைக்குள் பாய்ந்தது. நாங்கள் ஓடிப் பார்த்தபோது, கதவிடுக்கில் பெரியம்மாவின் காலடியில் ஒழுங்காக உட்கார்ந்து, முகத்தை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தது. துடைத்துவிடுவார் என்று. பெரியம்மாவின் கையும் பழக்கத்தில் முந்தானைக்குப் போய்விட்டது.

நோனா என்னைத் திரும்பிப் பார்த்தார். "தெரியாது என்றாயே?"

பெரியம்மாவுக்குச் சிங்களத்தில் 'லொகு அம்மா' என்று சொல் இருக்கிறது. எனக்கு நன்றாகத் தெரியும். வாயில் வந்தது வேறு. "மே மகே அம்மா" என்றேன். இது என் அம்மா.

"உன் அம்மா இறந்துவிட்டதாகச் சொன்னாய்."

"அது பெற்ற அம்மா, நோனா."

அதற்குமேல் அழுகைதான் வந்தது. நோனா நாயின் சங்கிலியை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். அப்புறம் அவர், இந்த அம்மா இருக்கலாம், ஆனால் முதலில் பிரின்ஸிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார். விளையாட்டில்லை, முகத்தில் சிரிப்பே இல்லை.

நான் அதைத் தமிழில் சொன்னதும், "அம்புட்டுத்தானா?" என்று பெரியம்மா குந்தி உட்கார்ந்து நாயின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். "தப்புத்தான் சாமி, மன்னிச்சுக்க. ஆனா நீயும் புடுங்கித் திங்காத, அசிங்கம்." என்ன சொல்கிறார் என்று நோனா கேட்டார். முதல் வாக்கியத்தை மட்டும் மொழிபெயர்த்தேன். அன்று முதல் நோனா மாதத்தில் இரண்டு ஞாயிறு வர ஆரம்பித்தார். சுவரில் புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. பிரின்ஸின் முகத்தைத் துடைக்கும்வரை பிளேன்டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

நாயிடம் பெரியம்மா மன்னிப்புக் கேட்டுவிட்டார். பெரியம்மாவிடம் நான் கேட்கவில்லை. அம்மா என்று சொன்னதே போதும் என்று மனதைச் சமாதானம் செய்துகொண்டு மூன்று வருடம் ஓட்டினேன். அவர் காலமாவதற்குச் சில மாதம் முன்பு ஒருநாள் மாலை, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருவழியாக, "பெரியம்மா, என்னைய மன்னிச்சுக்கங்க" என்றேன்.

அவர் சட்டென்று என் கைகளைப் பார்த்தார். "என்னத்தடி ஒடச்ச?"

எவ்வளவு யோசித்து வைத்திருந்தேன்! "தட்டு" என்றேன்.

"தட்டுதான? போனாப் போவுது, விடு" என்று புடைக்கத் தொடங்கினார்.

இப்போதும் அந்தப் பீங்கான் தட்டுகளில்தான் சாப்பிடுகிறோம். அன்று சாப்பாட்டுக்கு முன்னால் அவர் அலமாரியிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக் கழுவினார். ஆறு தட்டும் முழுசாக இருந்தன. துடைத்து அடுக்கி வைத்துவிட்டு, என்னை எதுவும் கேட்காமல், சோற்றைப் போட்டுக் கொடுத்தார்.