யோகமலர் அக்கா பார்க்க நினைத்த யானைகள்

யோகமலர் அக்காவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு அவருடைய மகன் சிந்துஜன் டென்மார்க்கின் ரண்டர்ஸ் நகரில் மண்டபம் பார்த்து வைத்திருந்தான். முந்நூறு பேர், வீடியோவுக்கு ஆள், மூன்று தட்டுக் கேக். அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு முடித்தார்.

"நல்லது. ஆனா நான் அந்தக் கிழமை நமீபியாவிலை நிப்பன்," என்றார்.

சிந்துஜன் டேனிஷில் ஏதோ பொரிந்து தள்ளினான். அம்மாவுக்குப் பைத்தியமா என்பதுதான் அதன் சாரம். அக்கா தமிழிலேயே பதில் சொன்னார்: "பாலைவனம். கூடாரத்திலை படுக்கிறது. பன்னிரண்டு நாள். ஷர்மினியும் வாறாள்."

அந்த ஷர்மினி நான்தான். சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் அக்கா இருபத்தெட்டு வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறார், நான் பதினொரு வருடம். ஒரு பிற்பகல் பொது அறைத் தொலைக்காட்சியில் பாலைவன யானைகளைக் காட்டினார்கள். வறண்ட ஆற்று மணலைக் காலாலும் தும்பிக்கையாலும் தோண்டி அவை தண்ணீர் எடுத்தன. ஒருவருக்குச் சூப் பருக்கிக்கொண்டிருந்த அக்கா கரண்டியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார். "இதை நான் நேரிலை பாக்கோணும்," என்றார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஓம் அக்கா, போவம்," என்று சொல்லித் தொலைத்தேன்.

கூடாரத்தை அவரவரே அடிக்க வேண்டும், உயரமான வாகனத்தில் உதவி இல்லாமல் ஏற வேண்டும் என்று பயண நிறுவனத்தின் கடிதத்தில் இருந்தது. அக்காவின் வலது முழங்கால் சரியில்லை. அதை அவர் ஒரு காரணமாகவே எடுக்கவில்லை. மார்ச் மாதக் குளிரில், வேலை முடிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு ஏரிக்கரையில் நடந்தார். வீட்டுப் புல்தரையில் கூடாரத்தை அடிப்பதும் கழற்றுவதுமாக இருந்தார். முதல் நாள் நாற்பது நிமிடம் எடுத்தது. மே மாதக் கடைசியில் ஒன்பது நிமிடம். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, ஆனால் ஆணியை நான்தான் பிடித்துக் கொடுத்தேன்.

நமீபியாவில் எங்கள் வழிகாட்டி செலீனா என்ற அந்த ஊர்ப் பெண். நாற்பது வயதிருக்கும். அதிகம் பேசாதவர், பேசினால் மாற்றாதவர். பயணிகள் எட்டுப் பேர். டென்மார்க்கின் வைலே நகரிலிருந்து வந்த மரினாவும் அவருடைய கணவரும் எங்களுக்கு அடுத்த கூடாரம். முதல் மாலையே செலீனா எங்களை நிறுத்தி வைத்துச் சொன்னார்: "ஒரு பருக்கை சாப்பாடுகூட வெளியே கிடக்கக் கூடாது. கழுதைப்புலி வரும். யார் வைத்தாலும் அடுத்த நடைக்கு அவரைக் கூட்டிப்போக மாட்டேன்."

ஆறாம் நாள் நடைதான் ஆற்றுப் படுகையில் யானை பார்க்கும் நடை. ஐந்தாம் நாள் அக்காவின் கணவர் குணசேகரம் அண்ணையின் திவசம். விமானத்துக்குப் பதியும்போது எல்லாவற்றையும் பார்த்தோம், திதியைப் பார்க்கவில்லை.

திவசத்தன்று காகத்துக்குச் சோறு வைத்து, அது எடுத்த பிறகுதான் அக்கா சாப்பிடுவார். ஏழு வருடமாகச் சில்க்போர்க் வீட்டின் பின்பக்கம் வைக்கிறார். டென்மார்க் காகங்களும் பழகிப்போய், பிந்தினால் கத்திக் கூப்பிடும். அன்று காலை சமையற்காரரிடம் ஒரு பிடி சோறு வாங்கி, எங்கள் கூடாரத்துக்குப் பின்னால் ஒரு தட்டைக் கல்லில் வைத்தார்.

"அக்கா, செலீனா என்ன சொன்னவ?"

"தெரியும். காகம் எடுத்தவுடனை கல்லைத் துடைச்சு விடுறன்."

காகங்கள் இருந்தன. பெனியன் போட்டதுபோல நெஞ்சு வெளுத்த காகங்கள். ஒன்றுகூடக் கிட்ட வரவில்லை. பிற்பகல் சுற்றிப் பார்க்க வாகனம் புறப்பட்டபோது அக்கா வெறும் வயிற்றோடு ஏறினார். பொழுதுபடத் திரும்பி வந்தபோதும் சோறு அப்படியே காய்ந்து கிடந்தது.

"கிடக்கட்டும். விடிய வரும்," என்று சொல்லி, தேத்தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் படுத்தார். நான் அதை எடுத்திருக்கலாம். செத்த மனுசனுக்கு வைத்த சோற்றை எடுக்க எனக்குக் கை வரவில்லை.

விடிந்தபோது கல் வெறுமையாக இருந்தது. சுற்றிவர மணலில் கால் தடங்கள். வாகனத்தின் பக்கத்தில் தொங்கிய பெரிய தண்ணீர்ப் பை குதறப்பட்டிருந்தது. நடைக்கென்று வைத்த தண்ணீரில் பாதி மண்ணுக்குள் போய்விட்டது.

செலீனா தடங்களைக் குனிந்து பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். "சாப்பாடு வைத்தது யார்?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. எல்லோருடைய கண்ணும் மரினாவிடம் போனது. அவர் கூடாரத்துக்குள் பிஸ்கற் தின்பது ஊரறிந்த விஷயம். மரினாவின் முகம் சிவந்தது. "நான் வெளியே எதுவும் போடவில்லை," என்றார். ஒருவரும் நம்பவில்லை.

நான் அக்காவின் சட்டையைப் பிடித்தேன். "பேசாமல் இருங்கோ அக்கா. நடை போயிடும்."

"கையை விடு."

அக்கா கையைத் தூக்கினார். அரைகுறை ஆங்கிலத்தில், "நான் வைத்தேன். சோறு. இறந்துபோன என் கணவருக்கு," என்றார். பிறகு காகத்தைப் பற்றியும் சொன்னார்.

செலீனா முழுவதையும் கேட்டார். "உங்கள் கணவருக்காக வருந்துகிறேன். நீங்கள் இன்றைக்கு வர முடியாது," என்றார். தன்னுடைய தண்ணீரில் பாதியைத் தருவதாக மரினா மன்றாடினார். செலீனா தலையை ஆட்டி மறுத்தார். எனக்குச் செலீனாமேல் பற்றிக்கொண்டு வந்தது.

"அவ செய்யிறது சரி," என்றார் அக்கா. "வேலையிலை மருந்து மாறிக் குடுத்தா நாங்களே படிவம் நிரப்பிக் குடுக்கிறமெல்லோ? வேற ஒருத்தியின்ர தலையிலை போடேலாது. நீ வெளிக்கிடு."

சோறு கிடந்தது எனக்கும் தெரியும். நானும் கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. யானை ஆசை எனக்கும் எப்போதோ ஒட்டிவிட்டது.

மூன்று மணி நேர நடைக்குப் பிறகு ஏழு யானைகளைப் பார்த்தோம். இடது காது கிழிந்த பெரிய பெண் யானை ஒன்று மணலைத் தோண்டியது. குழியில் தண்ணீர் ஊறும்வரை அதன் குட்டி காலுக்குள் நின்று தள்ளுப்பட்டது. நான் படம் எடுத்தேன், அழுதேன், திரும்பவும் படம் எடுத்தேன்.

திரும்பி வந்தபோது அக்கா சாரதியோடு இருந்து, தடித்த ஊசியால் தண்ணீர்ப் பையைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் கைப்பேசியை நீட்டினேன்.

"மூடு. வாயாலை சொல்லவும் வேண்டாம். நான் வந்து பாப்பன்."

"எப்ப?"

"வாற வருசம்."

மனம் நொந்து சொல்கிறார் என்று நினைத்தேன். சில்க்போர்க்குக்கு வந்த மறுகிழமையே பஞ்சாங்கத்தை விரித்துத் திதியைப் பார்த்து, அதற்கு மூன்று கிழமை தள்ளி இடம் பதிந்தார். அறுபத்தொன்றுக்காவது மண்டபம் எடுக்கலாமா என்று கேட்ட சிந்துஜனிடம் பயணச்சீட்டைக் காட்டினார். முழங்காலுக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்பவும் ஏரிக்கரையில் நடந்தார். வேலையிடத்தில் எல்லோரும் என் படங்களைப் பார்த்தார்கள். அக்கா வந்தால் நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைப்பேன். ஒரு வருடம் முழுக்க அப்படித்தான் போனது.

திவசத்தை வீட்டில் முடித்து, காகம் எடுத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டு, இந்த முறை தனியாகப் போனார். எனக்கு விடுமுறை கிடைக்கவில்லை.

அவர் திரும்பி வந்த அன்று பில்லுண்ட் விமான நிலையத்துக்கு நான்தான் ஏற்றப் போனேன். காரில் முழங்காலைப் பற்றிச் சொன்னார், செலீனா சுகம் கேட்டதைச் சொன்னார். யானையைப் பற்றி ஒரு சொல் இல்லை. காணவில்லையோ என்ற பயத்தில் கேட்கத் துணியவில்லை.

வீட்டுக்குள் போய்ப் பையை வைத்துவிட்டுக் கண்ணாடியைப் போட்டார். "இப்ப உன்ர படத்தைக் காட்டு."

கொடுத்தேன். விரலால் பெருப்பித்துப் பார்த்தார்.

"இவள்தான், காது கிழிஞ்சவள். குட்டி அப்ப இவ்வளவு சின்னனே? இப்ப தாயின்ர வயித்தளவுக்கு வந்திட்டுது."

"அண்டைக்கு நானும் கை தூக்கியிருக்கோணும் அக்கா."

"ஓம்," என்றார், படத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "தூக்கியிருந்தா இதை ஆர் எடுத்திருப்பினம்? மற்றதைக் காட்டு."