சிஸ்டர் யாரிடமும் சொல்லவில்லை

இரண்டு வருடங்களுக்கு முன், ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் நடந்தது இது. மலேசியாவின் ஜொகூரில் தெப்ராவ் பக்கம் இருக்கிறது எங்கள் வீடு. ஒருநாள் காலை குளிக்கும்போது இடது மார்பில் ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. சின்னதுதான், வலியும் இல்லை. ஆனால் அதன் பிறகு அன்றைக்கு நான் என்ன சமைத்தேன், வேலையில் என்ன செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

கிளினிக் டாக்டர் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே ஊசி வைத்துக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். முடிவு தெரிய சில வாரங்கள் ஆகும் என்றார்கள்.

கணவரிடம் சொல்லவில்லை. அவரை வளர்த்தது அவருடைய அக்காதான். சாஆ என்ற சிற்றூரில் இருந்த அந்த அக்கா மார்பகப் புற்றுநோயில்தான் போய்ச் சேர்ந்தார். அப்போது என் கணவர் உடைந்துபோனதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். அவர் தினமும் விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர். இதை மனதில் வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் வண்டி ஓட்டினால் என்ன ஆகும்? அந்தப் பயமே என் வாயைக் கட்டிப்போட்டது.

வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் சபையின் சின்ன வேதபாடக் குழு ஒன்று கூடும். அதை நடத்துகிற சிஸ்டர் வீட்டில்தான் கூடுவோம். அவர் என்னைவிட இளையவர், ஒரு லாரி கம்பெனியில் அலுவலக வேலை. பேச்சுத் திறமை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. யாராவது கஷ்டமான கேள்வி கேட்டால், "எனக்குத் தெரியல, படிச்சிட்டு வந்து சொல்றேன்" என்பார். இவ்வளவு அமைதியானவரை எப்படித் தலைவியாகப் போட்டார்கள் என்றுகூட நான் நினைத்ததுண்டு.

சதை எடுத்த அந்த வாரத்து வெள்ளிக்கிழமை, கடைசியில் எதற்காக ஜெபிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு ஜெபக்குறிப்பு சொல்லும்போது என் முறை வந்தது. வாயைத் திறந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று சொல்லி மூடிக்கொண்டேன். எல்லாரும் கிளம்பிய பிறகு தேநீர்க் கோப்பைகளைக் கழுவ சிஸ்டரோடு சமையலறையில் நின்றேன். அவர் எதுவும் கேட்கவில்லை. நானாகவே கொட்டிவிட்டேன். அவர் குழாயை மூடிவிட்டு, ஈரக் கையோடு கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார். யாரிடமும் சொல்லக்கூடாது, பாஸ்டரிடம்கூடக் கூடாது என்று கெஞ்சினேன்.

"சொல்ல மாட்டேன்கா. ஆனா வீட்டுல அண்ணன்கிட்ட நீங்க சொல்லணும். எப்பன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

ஒண்ணும் இருக்காது என்று ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று கேட்டேன்.

"அது எனக்குத் தெரியலக்கா. ரிசல்ட் வாங்குற அன்னைக்கு நான் கூட வரேன்."

வீட்டுக்கு வந்ததும் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. ஏன் சொன்னேன்? முன்பு நான் இருந்த ஒரு குழுவில், ஒரு பெண்ணின் குடும்பப் பிரச்சினை ஜெபக்குறிப்பு என்ற பெயரிலேயே சபை முழுக்கப் பரவியதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த நாளிலிருந்து குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வரும்போதெல்லாம் அதில் என் பெயர் இருக்கிறதா என்று தேடுவேன். யாராவது "உடம்பு எப்படி?" என்று சாதாரணமாகக் கேட்டால்கூட, தெரிந்துவிட்டதோ என்று முகத்தை உற்றுப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை போவதையே நிறுத்திவிட்டேன்.

நான் ஏன் வரவில்லை என்று சிஸ்டர் கேட்கவில்லை. ஒருநாள் மத்தியானம் மட்டும் நான் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு மீ ஹூன் நூடுல்ஸ் பொட்டலத்தோடு வந்தார். வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஜெபம் பண்ணலாமா, இல்ல சும்மா உக்காந்திருக்கலாமாக்கா?"

சும்மா இருக்கலாம் என்றேன். ஓய்வு நேரம் முடியும்வரை சும்மாவே உட்கார்ந்திருந்தார்.

முடிவு வாங்க வேண்டிய வாரம். கடைத்தெருவில் எங்கள் குழுவைச் சேர்ந்த ஆண்ட்டி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டார். தெரிந்துபோயிற்று, இப்போது கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"சிஸ்டர் உன்ன என்னமா சொன்னாங்க? நீ வராம போனதுக்கு அவங்கதான் காரணம்னு எங்களுக்குத் தெரியும். பாஸ்டர்கிட்டயும் சொல்லிட்டோம். குழுவ நடத்த வேற ஆள் போடலாம்னு பேசிக்கிட்டு இருக்காங்க."

அன்று எல்லாரும் கிளம்பிய பிறகும் நான் சிஸ்டரோடு தங்கியதையும், அழுத முகத்தோடு வெளியே போனதையும், வாசலில் வண்டிக்குக் காத்திருந்த யாரோ பார்த்திருக்கிறார்கள். குழுவே சேர்ந்து சிஸ்டரைக் கேட்டிருக்கிறது. "அவங்க வரும்போது வருவாங்க. அதுக்கு மேல சொல்றதுக்கு எனக்கு ஒண்ணும் இல்ல" என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டாராம். பாஸ்டர் கேட்டபோதும் அதே பதில்தானாம். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் மேல் எந்தப் பழியும் வந்திருக்காது. என்னிடமும் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து, கணவர் வேலை முடிந்து உள்ளே நுழைந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஹெல்மெட்டைக்கூடக் கீழே வைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. "தனியாவா ஊசி போடப் போன?" என்று மட்டும் கேட்டார். அதன் பிறகு இரண்டு பேரும் அழுதோம்.

முடிவு வாங்கும் நாளில் அவர் லீவு போட்டுக்கொண்டு வந்தார். சொன்னபடி சிஸ்டரும் வந்து, எங்களுக்குப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். சுவரில் இருந்த திரையில் எண் மாறும்போதெல்லாம் என் கணவர் எங்கள் சீட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டார். உள்ளே கூப்பிட்டார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை, அறுவை சிகிச்சை செய்தால் குணமாக நல்ல வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டர். வெளியே வந்து சிஸ்டரிடம் சொன்னோம். ஆறுதலுக்கு வேத வசனம் எதுவும் அவர் சொல்லவில்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அந்த வெள்ளிக்கிழமை கணவரோடு குழுவுக்குப் போய், நடந்ததை நானே எல்லாருக்கும் சொன்னேன். ஆண்ட்டி எழுந்து போய் சிஸ்டரின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார்.

"பரவால்ல ஆண்ட்டி. நீங்க அக்காவ நெனச்சுத்தானே கவலப்பட்டீங்க" என்றார் சிஸ்டர். பிறகு வேதாகமத்தைத் திறந்து, போன வாரம் விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினார்.

அறுவை சிகிச்சையும் அதற்குப் பிறகான சிகிச்சையும் முடிந்துவிட்டன. ஒவ்வொரு முறை பரிசோதனைக்குப் போகும்போதும் பழைய பயம் திரும்ப வரும், இப்போது அதைக் கணவரிடம் சொல்லிவிடுகிறேன். இன்று யாராவது என்னிடம் மனம் திறந்து பேசினால், அந்த ரகசியத்தைக் காப்பாற்ற என் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று நினைக்கும் தைரியம் எனக்கு இருக்கிறதா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன். இருக்கிறது என்று உறுதியாகச் சொல்ல இன்னமும் எனக்கு வாய் வரவில்லை.